குறிப்பறிந்து விலகும் சாளரம்



எழுதிக்கொண்டிருப்பவருக்கு இடையூறின்றி உதவுவது எளிய காரியமன்று. இதனை நான் கற்றது ஒரு சிறு பிழையினால்.

கணினியில் எழுதவும் திருத்தவும் உதவும் கருவிகளுள் 'விம்' என்பது ஒன்று. நெதர்லாந்து நாட்டினரான பிராம் மூலேனார் அதனை 1991-இல் வெளியிட்டார். 2019 டிசம்பரில் வந்த 8.2-ஆம் பதிப்பில், எழுத்துகளின் மேல் மிதந்து தோன்றும் 'பாப்-அப்' சாளரங்களை அமைக்கும் வசதி சேர்ந்தது.

அவ்வசதியைக் கொண்டு நானும் ஒரு செருகுநிரல் எழுதினேன். ஐயமான சொல்லுக்குச் சாளரம் பொருள் காட்டும். அன்று மாலைக்குள் கட்டுரை முடிக்க வேண்டியிருந்த மாணவர் ஒருவரிடம் அதனை அளித்தேன். சாளரம் அழகாகத்தான் தோன்றியது. ஆனால் அதன்பின் அவர் தட்டிய எழுத்துகளில் ஒன்றேனும் கட்டுரையில் ஏறவில்லை!

காரணம் யாது? சாளரத்திற்கு 'ஃபில்டர்' என்னும் ஒரு வடிகட்டியை நாம் அமைக்கலாம். அழுத்தும் விசை ஒவ்வொன்றும் முதலில் அதனிடமே செல்லும். விசையை ஏற்றுக்கொண்டால் அது 1 என்று விடை தரும். வேண்டாவெனில் 0 என்று விடை தந்து, விசையைப் போகவிடும். என் வடிகட்டியோ எல்லாவற்றிற்கும் 1 என்றே சொல்லி, அனைத்தையும் விழுங்கிவிட்டது.

பின்னர்த் திருத்தினேன். இப்போது அது 'எஸ்கேப்' விசையை மட்டும் ஏற்கிறது, ஏனையவற்றிற்கு வழிவிடுகிறது. எழுதுமிடத்தைக் காட்டும் கர்சர் நகர்ந்ததும், சாளரம் தானே மூடிக்கொள்கிறது.

சாளரத்தைத் தோன்றச் செய்ய எனக்கு ஒரு வரி போதுமாயிருந்தது. அதனை விலகச் செய்யக் கற்பதற்கோ, ஒருவருடைய மாலைப்பொழுதே செலவாயிற்று.