கல்லூரித் தேர்வு: பேரனுக்கும் பேத்திக்கும் ஒரே தராசு

(மைசூரு கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பிளஸ் டூ முடித்த குழந்தையை எங்கே சேர்ப்பது என்பது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். மைசூருவில் இந்தக் கேள்வி ஒரே உருவில்தான் வரும்: "இங்கேயே சேர்க்கலாமா, பெங்களூருக்கு அனுப்பணுமா?" கோயம்புத்தூரில் இருப்பவர்கள் சென்னையைப் பற்றியும், நாசிக்கில் இருப்பவர்கள் மும்பையைப் பற்றியும் இதையேதான் கேட்கிறார்கள். ஆகவே வெளியூர் அங்கத்தினர்கள் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு படிக்கலாம்.

முதலில் கொஞ்சம் சரித்திரம். 1916-ஆம் ஆண்டு ஜூலை 27-ஆம் தேதி மைசூர்ப் பல்கலைக்கழகம் தொடங்கியது. மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார், திவான் விசுவேசுவரய்யா. அந்தப் பல்கலைக்கழகம் இரண்டு ஊர்களில் காலூன்றி நின்றது. மைசூருவில் மகாராஜா கல்லூரி, பெங்களூரில் சென்ட்ரல் கல்லூரி. கலைப் பாடங்களுக்கு இங்கே, விஞ்ஞானத்துக்கு அங்கே என்று பாடமே ஊரைத் தீர்மானித்தது. 1917-இல் பொறியியல் கல்லூரியும் பெங்களூரில் வந்தது. பின்னர் மைசூருவிலும் யுவராஜா கல்லூரி விஞ்ஞானத்துக்கென்று வளர்ந்தது. 1964-இல் பெங்களூர்ப் பல்கலைக்கழகம் தனியாகப் பிரிந்தது. 2017-இல் அதுவும் மூன்றாயிற்று. அன்று பாடம் முடிவு செய்தது. ஊர் பின்னால் வந்தது. இன்று நம் வீடுகளில் ஊரை முதலில் முடிவு செய்துவிட்டு, அங்கே எந்தப் பாடம் கிடைக்கிறது என்று தேடுகிறோம். இந்த வரிசையை மாற்றவேண்டும் என்பது என் முதல் வேண்டுகோள்.

அடுத்தது, பட்டம் தருவது யார் என்று பாருங்கள். விசுவேசுவரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 1998-இல் பெலகாவியைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்தது. அதனோடு இணைந்த சாதாரணப் பொறியியல் கல்லூரி மைசூருவில் இருந்தாலும் பெங்களூரில் இருந்தாலும் பாடத்திட்டம் ஒன்று, கேள்வித்தாள் ஒன்று, பட்டமும் ஒன்று. தன்னாட்சி பெற்ற கல்லூரி என்றால் பாடத்தையும் பரீட்சையையும் அதுவே நடத்திக்கொள்ளும். பட்டம் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும். தனியார் பல்கலைக்கழகம் என்றால் எல்லாமே அவர்களுடையது. நம் ஊரில் 1963-இல் தொடங்கிய எஸ்.ஜே.சி.இ. கல்லூரி, 2016 முதல் இப்படி ஒரு தனிப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கிறது. ஒரே பல்கலைக்கழகத்தின் ஒரே பட்டத்துக்கு அந்த ஊரில் இரண்டு மடங்கு செலவாகிறது என்றால், அதிகப் பணம் எதற்குப் போகிறது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

பெங்களூருக்கு அனுப்பவே கூடாது என்று நான் சொல்வதாக நினைக்கவேண்டாம். 1909-இல் உருவான இந்திய அறிவியல் கழகத்தில் 2011 முதல் நான்கு வருஷப் பட்டப்படிப்பு இருக்கிறது. இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் பெங்களூர் மையத்தில் கணிதத்துக்கென்றே ஒரு பட்டப்படிப்பு உண்டு. அங்கெல்லாம் இடம் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம், பெட்டியைக் கட்டுங்கள். கம்பெனிகளில் பயிற்சி பெறும் வாய்ப்பும் அந்த ஊரில் அதிகம்தான்.

அதே சமயம் மைசூருவில் என்ன இருக்கிறது என்று நமக்கே தெரியாமல் இருக்கிறது. மண்டலக் கல்வி நிறுவனத்தில் நான்கே வருஷத்தில் பி.எஸ்ஸி.யும் பி.எட்.டும் சேர்த்து முடிக்கலாம். அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்பியல் நிறுவனம் இங்கே இருக்கிறது. 1950-இல் திறந்த மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் எம்.எஸ்ஸி. படிக்கலாம். இந்த மூன்றுக்கும் வெளிமாநிலத்துக் குழந்தைகள் ரயிலேறி வருகிறார்கள். அந்த வாசலைத் தாண்டித்தான் நாம் தினமும் காய்கறி வாங்கப் போகிறோம்.

நான் விஞ்ஞானம் படித்தவன். கணக்குப் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியாது. பெரிய நகரத்தில் உறவினர் வீட்டில் தங்கி, கல்லூரிக்குப் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 200 நாள் என்றால் 600 மணி நேரம். தினமும் ஐந்து மணி நேர வகுப்பு என்று வகுத்தால் 120 கல்லூரி நாட்கள் பஸ்ஸிலேயே போகின்றன. விடுதியா, உறவினர் வீடா என்று முடிவு செய்யும்போது இந்தக் கணக்கையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கணக்கு, வேலைவாய்ப்பு விளம்பரம். "எங்கள் மாணவருக்கு 40 லட்சம்" என்று பெரிய எழுத்தில் போடுவார்கள். பத்துப் பேரில் ஒருவருக்கு 40, மற்ற ஒன்பது பேருக்கு 4 என்றால் சராசரி 7.6 லட்சம் என்று வரும். ஆனால் வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கும் பிள்ளைக்கு 4 லட்சம்தான். நம் குழந்தை பெரும்பாலும் அந்த நடுவில்தான் நிற்கும். மத்திய அரசின் தேசியத் தரவரிசைப் பட்டியல் 2016 முதல் வெளிவருகிறது. அதற்காகக் கல்லூரிகள் கொடுக்கும் விவரத்தாளில் இந்த நடுச் சம்பளம், குறித்த காலத்தில் பட்டம் பெற்றவர்கள் எத்தனை பேர், வேலைக்குப் போனவர்கள் எத்தனை பேர் எல்லாம் இருக்கும். விவரம் கொடுப்பது கல்லூரிதான் என்பதையும் மறக்கவேண்டாம். ஆகவே நேரில் போய்ப் பாருங்கள். நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், சோதனைக்கூடம் எத்தனை மணி வரை திறந்திருக்கிறது, மூன்றாம் வருஷத்துப் பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள். கேண்டீனில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் பாதி விவரம் தெரிந்துவிடும்.

வெளியூர் அங்கத்தினர்களுக்கு இரண்டு விஷயம். கர்நாடகத்தில் பொது நுழைவுத் தேர்வு மூலம் அரசு ஒதுக்கீட்டு இடம் பெற, பொதுவாக ஏழு வருஷமாவது இந்த மாநிலத்தில் படித்திருக்கவேண்டும். மத்திய அரசு ஊழியர், ராணுவத்தினர் குழந்தைகளுக்குச் சில விலக்குகள் உண்டு. மற்றவர்களுக்குத் தனியார் பொறியியல் கல்லூரிகளுக்கென்று காமெட்கே என்ற தனித் தேர்வு இருக்கிறது. இரண்டாவது, கட்டணம் கட்டும் அவசரத்தில் அசல் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். கல்லூரிகள் அவற்றை வைத்துக்கொள்ளக் கூடாது, விலகினால் கட்டணத்தை விதிப்படி திருப்பித் தரவேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இலேயே அறிவித்திருக்கிறது.

நம்மில் வசதி குறைந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. கோயில் கைங்கர்யம், சமையல், புரோகிதம் என்று இருக்கும் குடும்பங்கள் நம்மிடையே நிறைய. 2019 முதல் மத்திய அரசின் கல்வி நிறுவனங்களில் பொருளாதாரத்தில் நலிந்த பொதுப் பிரிவினருக்குப் பத்து சதவீதம் உண்டு. 2022-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. குடும்ப வருமானம் வருஷம் 8 லட்சத்துக்குக் கீழே இருக்கவேண்டும். நிலம், வீடு பற்றிய வரம்புகளும் உண்டு. சான்றிதழ் தாலுகா அலுவலகத்தில் வாங்கவேண்டும். விண்ணப்பத்தின் கடைசி நாளன்று அங்கே போய் நின்றால் கிடைக்காது.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், பெயர் வேண்டாம். மூத்தவன் பிள்ளை. பெங்களூரில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தான். தாத்தாவின் வைப்புத்தொகையை முறித்துப் பணம் கட்டினார்கள். மூன்று வருஷம் கழித்துப் பெண். அண்ணாவைவிட நல்ல மார்க். அவளுக்கும் பெங்களூரில் ஒரு நல்ல கல்லூரியில் இடம் கிடைத்தது. கட்டணம் அண்ணாவுடையதில் பாதிகூட இல்லை. "பொண் குழந்தையைத் தனியா எதுக்கு அனுப்பணும், பக்கத்துக் காலேஜிலேயே போடு" என்று வீட்டில் முடிவாகிவிட்டது. அப்போது அந்தப் பெண் கேட்டாளாம்: "மைசூர்க் காலேஜ் நன்னா இருக்குன்னா அண்ணாவை ஏன் அங்கே அனுப்பினேள்? நன்னா இல்லேன்னா என்னை ஏன் இங்கே போடறேள்?" கூடத்தில் இருந்த யாருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை.

அந்தப் பெண்ணின் கேள்வியை நான் இந்தச் சபையில் வைக்கிறேன். நான் இவ்வளவு நேரம் மைசூருவின் பெருமையைச் சொன்னதை, பெண் குழந்தைகளை வீட்டோடு நிறுத்திவைக்க ஒரு சாக்காக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இங்கே படிப்பது நல்லது என்றால் பிள்ளைக்கும் நல்லதுதான். அங்கே செலவழிப்பது தகும் என்றால் பெண்ணுக்கும் தகும்.

பாதுகாப்புக் கவலை பொய்யில்லை, எனக்கும் உண்டு. ஆனால் கவலை என்பது விடுதியை நேரில் போய்ப் பார்ப்பதற்கும், வார்டனோடு பேசுவதற்கும், அந்த ஊரில் இருக்கும் நம் மனிதர்களிடம் சொல்லிவைப்பதற்கும் காரணமாக இருக்கவேண்டும். போகவே கூடாது என்று கதவைச் சாத்துவதற்குக் காரணமாகக் கூடாது.

ராஜேஸ்வரி சாட்டர்ஜியை இங்கே பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். 1922-இல் பிறந்தவர். அவருடைய பாட்டி கமலம்மா தாசப்பா, மைசூர் சமஸ்தானத்தின் முதல் பெண் பட்டதாரிகளில் ஒருவர். பேத்தி சென்ட்ரல் கல்லூரியில் கணிதம் படித்து, 1943-இல் இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். நாடு சுதந்திரம் அடைந்த 1947-இல் அமெரிக்காவுக்குப் போய், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கி, 1953-இல் திரும்பி வந்து அதே அறிவியல் கழகத்தில் ஆசிரியரானார். நுண்ணலைப் பொறியியலில் பல தலைமுறை மாணவர்களை உருவாக்கினார். செல்போன் இல்லாத அந்தக் காலத்தில், கடல் கடந்து பெண்ணை அனுப்பிய வீடு அது. இன்று நாம் தயங்குவது 140 கிலோமீட்டருக்கு.

ஒரு யோசனை சொல்கிறேன். முதல் குழந்தைக்குக் கல்லூரி தேடும்போதே ஒரு தாளில் எழுதிவையுங்கள்: வருஷத்துக்கு எவ்வளவு செலவழிக்க முடியும், எவ்வளவு தூரம் அனுப்புவோம், எந்தப் பாடத்துக்காக அனுப்புவோம், குழந்தையின் விருப்பத்துக்கு எவ்வளவு மதிப்பு. அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த குழந்தையின் முறை வரும்போது அதே தாளை எடுங்கள். விலைவாசிக்காகத் தொகையை மாற்றலாம். வேறு எதையாவது மாற்றத் தோன்றினால், ஏன் மாற்றுகிறோம் என்று அந்தக் குழந்தையின் எதிரிலேயே சொல்லுங்கள்.

கேட்ட இடம் கிடைக்காத குழந்தைகளும் இங்கே இருக்கலாம். நம் ஊர் ஆர்.கே. லக்ஷ்மணுக்கு மும்பையின் ஜே.ஜே. கலைப் பள்ளி இடம் தரவில்லை. அவர் மைசூருவிலேயே பி.ஏ. படித்தார். பிறகு தினமும் காலையில் தேசமே அவர் கார்ட்டூனைத்தான் முதலில் பார்த்தது.

கடைசியாக, நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். எல்லா ஊர்களிலும் நமக்குக் கிளைகள் இருக்கின்றன. பணி ஓய்வு பெற்றவர்களுக்கு நேரமும் இருக்கிறது. வெளியூரிலிருந்து ஒரு குழந்தை கல்லூரி பார்க்க வந்தால், கூடவே போய்ப் பார்த்து வருவதற்கு ஒவ்வொரு கிளையிலும் இரண்டு பேர், அதில் ஒருவர் மாமியாக, பெயர் கொடுக்கலாம். மைசூருவில் என் பெயரை இன்றே எழுதிக்கொள்ளுங்கள்.