மருதாணிப் பொட்டலத்தில் என்ன எழுதியிருக்கிறது?



இன்றைய பேச்சு தோலைப் பற்றியது. தலைமுடியைப் பற்றியதும்கூட. முதலில் ஒரு நிகழ்ச்சியைப் பார்ப்போம். கதைதான். ஆனால் எந்த ஊரிலும் நடக்கக்கூடிய கதை.

இராஜஸ்தானில் ஜெய்ப்பூர் நகரம். அங்கே அக்காளும் தங்கையும் அடுத்தடுத்த வீட்டில் வாழ்கிறார்கள். அக்காளுக்கு நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் வேலை. நாள் முழுவதும் சோப்புத் தண்ணீரில் கை ஊறுகிறது. விரல் இடுக்கு வெடித்திருக்கிறது. உள்ளங்கை சொரசொரப்பாக இருக்கிறது. சில நாள் எரிச்சலும் உண்டு.

ஆடி, ஆவணி மாதத்தில் அங்கே தீஜ் பண்டிகை வரும். பெண்கள் கைநிறைய மருதாணி இட்டுக்கொள்வார்கள். அக்காள் கடைத்தெருவுக்குப் போனாள். நடைபாதையில் ஒருவர் மருதாணிக் கூம்பு விற்றுக்கொண்டிருந்தார்.

“சுத்தமான இலை, அக்கா. ஒரே மணி நேரத்தில் கறுப்பாகப் பிடிக்கும்” என்றார்.

கூம்பின் மேல் பெயர் இல்லை. தேதி இல்லை. ஒரு பச்சை இலைப் படம் மட்டும் இருந்தது. போன ஆண்டும் அவள் இதைத்தான் வாங்கினாள். ஒன்றும் ஆகவில்லை. அதனால் இந்த ஆண்டும் வாங்கினாள்.

இரண்டு நாள் கழித்துக் கை அரித்தது. மூன்றாம் நாள் கொப்புளம் வந்தது. கொடி எங்கே வரைந்தாளோ அங்கே கொடியாகவே கொப்புளம். பூ வரைந்த இடத்தில் பூவாகவே கொப்புளம். ஒரு வாரம் அவளால் வேலைக்குப் போக முடியவில்லை. ஒரு வீட்டில் வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள்.

“இலைதானே பூசினேன்? இலை எப்படிச் சுடும்?” என்று அக்காள் கேட்டாள்.

நல்ல கேள்வி. இதற்கு இரண்டு பதில் உண்டு.

முதல் பதில், அவள் பூசியது வெறும் இலை அல்ல.

மருதாணியைத் தெரியாதவர்கள் இந்த நாட்டில் இல்லை. இந்தியில் மெஹந்தி என்பார்கள். மலையாளத்தில் மயிலாஞ்சி. கன்னடத்தில் மதரங்கி. இராஜஸ்தானில் பாலி மாவட்டத்தில் சோஜத் என்ற ஊர் இருக்கிறது. அங்கே வயல் வயலாக மருதாணி பயிராகிறது. சோஜத் மருதாணிக்கு 2021ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த வட்டாரத்தில் விளைந்ததை மட்டுமே அந்தப் பெயரில் விற்கலாம் என்பது அதன் பொருள்.

மருதாணி இலையில் லாசோன் என்ற சாயப்பொருள் இருக்கிறது. அது தோலின் மேல்பகுதியில் போய் ஒட்டிக்கொள்கிறது. அதற்குப் பல மணி நேரம் ஆகும். கழுவியதும் ஆரஞ்சு நிறம் தெரியும். ஓரிரு நாளில் அது சிவப்பு கலந்த பழுப்பாக மாறும். அவ்வளவுதான் இலையால் முடியும். ஒரு மணி நேரத்தில் கரிக்கறுப்பாக்க எந்த மருதாணி இலையாலும் முடியாது.

அப்படிக் கறுத்தால் வேறு பொருள் கலந்திருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் அது பாரா பினைலீன் டையமீன் என்ற இரசாயனமாக இருக்கும். சுருக்கமாகப் பி.பி.டி. என்பார்கள். இது தொழிற்சாலையில் செய்வது. தலைமுடிக்கான சாயத்தில் இதை அளவோடு சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. கையில் கோலம் போட இது உரியதல்ல.

இந்தப் பொருளுக்கு ஒரு குணம் உண்டு. முதல் தடவை பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. ஆனால் சிலருடைய உடல் அதைப் பகையாகக் குறித்து வைத்துக்கொள்கிறது. அடுத்த தடவை படும்போது எதிர்க்கிறது. இதைத்தான் மருத்துவர்கள் ஒவ்வாமை என்கிறார்கள். ஒருமுறை வந்த ஒவ்வாமை பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் கூடவே இருக்கும். “போன ஆண்டு ஒன்றும் ஆகவில்லையே” என்று அக்காள் நினைத்தாள் அல்லவா? போன ஆண்டுதான் அவளுடைய உடல் குறித்து வைத்துக்கொண்டது.

இரண்டாவது பதில், இலையும் சுடும். பயிரில் விளைந்தது என்பதாலேயே ஒரு பொருள் தோலுக்கு நல்லதாகிவிடாது. சேராங்கொட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் சலவைத் தொழிலாளர்கள் அதன் பாலால் துணியில் குறி போட்டார்கள். அந்தப் பால் பட்ட இடம் வெந்து கொப்புளித்துவிடும். எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் போனால் தோல் கறுத்துப் புண்ணாகலாம். சோற்றுக்கற்றாழை தோலுக்குக் குளிர்ச்சி. ஆனால் அதை வெட்டியதும் மஞ்சள் நிறமாக ஒரு பால் வடியும். அது சிலருக்கு அரிக்கும். மடலை நிறுத்தி வைத்து அந்தப் பாலை வடியவிட வேண்டும். நன்றாகக் கழுவி, உள்ளே இருக்கும் தெளிந்த சோற்றை மட்டும் எடுக்க வேண்டும்.

வெடித்த தோல், கீறிய தோல், புண்ணான தோல் என்றால் இன்னும் கவனம் வேண்டும். நல்ல தோல் வேலி மாதிரி. வெடித்த தோல் உடைந்த வேலி. பூசுவது எதுவானாலும் சுலபமாக உள்ளே போகும். அக்காளின் கை ஏற்கெனவே வெடித்திருந்தது என்பதை மறக்க வேண்டாம். அந்தக் கைக்கு அப்போது வேண்டியது மருதாணி அல்ல, தேங்காய் எண்ணெய். வேலை முடிந்ததும் கையைக் கழுவி, ஈரம் முழுதும் காயும் முன்பே எண்ணெய் தடவினால் அந்த ஈரம் தோலில் தங்கும். செலவும் குறைவு.

கதைக்குத் திரும்புவோம். கை ஆறியது. சில மாதம் கழிந்தது. உறவில் ஒரு கல்யாணம். அக்காளுக்கு நரைத்த முடி. கடையில் “கறுப்பு மெஹந்தி” என்று ஒரு பொட்டலம் வாங்கி வந்தாள். இதிலும் இலைப் படம் இருந்தது. தண்ணீரில் குழைக்க உட்கார்ந்தாள்.

தங்கை அப்போதுதான் எழுதப் படிக்கக் கற்றிருந்தாள். அவள் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் பொடி எழுத்து. எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தாள்.

“அக்கா, இதில் எச்சரிக்கை என்று போட்டிருக்கிறது. தோலில் எரிச்சல் வரலாமாம். முதலில் சோதித்துப் பார்க்க வேண்டுமாம். புருவத்திலும் இமையிலும் பூசக் கூடாதாம். கண் போய்விடுமாம்.”

“இலைப் படம் போட்டிருக்கிறதே?”

“படம் முன்னால் இருக்கிறது. பி.பி.டி. பின்னால் இருக்கிறது.”

அக்காள் குழைப்பதை நிறுத்தினாள். அவள் அதைத் தலையில் பூசியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நெற்றியும் காதும் தடித்திருக்கும். கண் திறக்க முடியாதபடி முகம் வீங்கியிருக்கலாம். கறுப்பு மருதாணியால் கொப்புளம் வந்தவர்களுக்குத் தலைச்சாயம் இப்படித்தான் செய்யும்.

அந்த எச்சரிக்கை கம்பெனிக்காரர் மனமிரங்கிப் போட்டதல்ல. சட்டம் போடச் சொல்கிறது. தலைச்சாயம் விற்பவர் இதை ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் அச்சிட வேண்டும். சோதிக்கும் முறையையும் எழுத வேண்டும். ஆனால் கண்ணுக்கு எட்டாத அளவில் அச்சிடுகிறார்கள். அது நியாயமில்லை. எழுத்து தெரியாவிட்டால் கடைக்காரரையே படிக்கச் சொல்லுங்கள்.

சோதிக்கும் முறை எளிது. காதின் பின்புறத்திலோ, முன்கையின் உட்புறத்திலோ சிறிய இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழைத்த பொருளில் சிறிது தடவி உலர விடுங்கள். 24 மணி நேரம் கழித்துக் கழுவிப் பாருங்கள். சிவப்பு, அரிப்பு, தடிப்பு எது இருந்தாலும் அந்தப் பொருள் உங்களுக்கு வேண்டாம். தெரியாமல் இரண்டாம் நாள், மூன்றாம் நாள் அரிப்பவர்களும் உண்டு. ஆகவே இன்னும் இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்பது நல்லது. சீயக்காய்த் தூள், பூந்திக்கொட்டை, கற்றாழை, புதிய எண்ணெய் எதற்கும் இதே முறைதான். ஆனால் முன்பே கறுப்பு மருதாணியாலோ தலைச்சாயத்தாலோ கொப்புளம் வந்தவர்கள் அந்தச் சாயத்தைச் சோதித்துக்கூடப் பார்க்க வேண்டாம்.

அப்படியானால் நரையை மறைக்க வழியே இல்லையா? இருக்கிறது. முதலில் மருதாணி, பிறகு அவுரி இலைத்தூள். இரண்டும் சேர்ந்தால் முடி கறுக்கும். பொழுது பிடிக்கும் வேலைதான். சம்பாரணில் உழவர்களைக் கட்டாயப்படுத்திப் பயிரிட வைத்தார்களே, 1917இல் காந்தியடிகள் போய் விசாரித்தாரே, அந்த அவுரிதான். வாங்கும்போது உள்ளே இருப்பவற்றின் பட்டியலைப் படியுங்கள். இலைத்தூள் மட்டும்தானா என்று பாருங்கள்.

கைக்குழந்தைகளுக்கு மட்டும் நல்ல மருதாணியும் வேண்டாம். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஜி-6-பி.டி. என்ற ஒரு பொருள் இரத்தத்தில் குறைவாக இருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. மருதாணி பட்டால் அவர்களுடைய இரத்தச் சிவப்பணுக்கள் உடையலாம். மஞ்சள் காமாலை வரலாம்.

ஏதாவது பூசி அரித்தால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். அதன்மேல் இன்னொரு பச்சிலையை அரைத்துப் போடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது பொட்டலத்தையும் கையில் கொண்டு போங்கள். முகமோ நாக்கோ வீங்கினால், மூச்சு வாங்கினால், கொஞ்சமும் காத்திருக்கக் கூடாது. பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அக்காள் நரைத்த முடியோடுதான் அந்தக் கல்யாணத்துக்குப் போனாள். யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. அடுத்த தீஜுக்குத் தங்கை பக்கத்துத் தோட்டத்து வேலியில் மருதாணி இலை பறித்து வந்தாள். அம்மியில் அரைத்தாள். முன்கையில் ஒரு பொட்டு மட்டும் வைத்தாள். மறுநாள் அது ஆரஞ்சாக இருந்தது. மூன்றாம் நாள் செம்பழுப்பானது. அரிப்பு இல்லை.

“சரி, இப்போது கையைக் காட்டு, அக்கா” என்றாள் தங்கை.