ஆடுகிற பொருளை அளப்பது எப்படி?

(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாப்பாட்டுக்கு முன்னால் பேச விட்டிருக்கிறார்கள். பின் வரிசைக்காரர்கள் கடிகாரம் பார்ப்பது இங்கிருந்தே தெரிகிறது. சீக்கிரம் விஷயத்துக்கு வந்து விடுகிறேன்.

நான் சாமல்பட்டிக்காரன். ஓசூரில் இயந்திர உதிரி பாகங்களை அளந்து பார்க்கும் வேலையில் சேர்ந்து, இப்போது பெங்களூரில் ஸ்கேன் இயந்திரங்களைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். ஓசூரில் முதல் நாளே சொல்லித் தருவது, அளக்கப் போகும் பொருள் ஆடக்கூடாது என்பது. வைஸில் இறுக்கு, அப்புறம் டயல் கேஜை வை. மனித உடம்பில் அதுதான் முடியாது. நெஞ்சுக்குள் இருப்பதை எந்த வைஸில் இறுக்குவது?

சி.டி. ஸ்கேன் பிறந்த கதையிலேயே இந்தச் சிக்கல் இருக்கிறது. 1971 அக்டோபரில் லண்டன் விம்பிள்டனில் இருந்த அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் ஹவுன்ஸ்ஃபீல்டின் இயந்திரம் முதல் நோயாளியைப் படம் எடுத்தது. எடுத்தது தலையை மட்டும். மூளை நோய்களுக்கு அப்படி ஒரு படம் அவசரமாகத் தேவைப்பட்டது உண்மைதான். ஆனால் ஒரு தடவைக்கு நாலைந்து நிமிடம் பிடித்த அந்த இயந்திரத்துக்கு, அவ்வளவு நேரம் அசையாமல் இருக்கக்கூடிய உறுப்பு என்று பார்த்தாலும் தலைதான்.

இன்று கால் நொடியில் ஒரு சுற்று சுற்றி முடிக்கும் இயந்திரங்கள் வந்து விட்டன. நிமிடத்துக்கு 75 முறை துடிக்கும் இதயத்துக்கு ஒரு துடிப்பு 0.8 நொடி. ஈ.சி.ஜி. அலையைப் பார்த்து, இதயம் சற்று ஓய்ந்திருக்கும் கணத்துத் தகவலை மட்டும் சேர்த்துப் படமாக்குகிறார்கள். ஆக, இதயம் ஓரளவு வழிக்கு வந்து விட்டது. வம்பு பண்ணுவது மூச்சு. ஒரு மூச்சுக்கு மூன்று முதல் ஐந்து நொடி. நுரையீரலின் அடிப்பகுதியில் இருக்கும் கட்டி ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு சென்டிமீட்டர், சில பேருக்கு இரண்டு சென்டிமீட்டர் கூட மேலும் கீழும் போய் வரும்.

இதனால் அளவு எப்படிக் கெடும்? எங்கள் ஊர் ஸ்டேஷன் ஜோலார்பேட்டை - சேலம் பாதையில் இருக்கிறது. அங்கே கூட்ஸ் வண்டி ஒன்று மெல்ல ஊர்ந்து போவதாக வைத்துக் கொள்ளுங்கள். அது போகும் திசையிலேயே கொஞ்சம் வேகமாக நடந்து, கடைசிப் பெட்டியிலிருந்து எஞ்சின் வரை எத்தனை எட்டு என்று எண்ணுங்கள். நீளம் கூடுதலாக வரும். எதிர்த் திசையில் எஞ்சினிலிருந்து கடைசிப் பெட்டி வரை நடந்தால் குறைவாக வரும். வண்டி அதே வண்டிதான். ஸ்கேனிலும் படுக்கை நகர நகர உடம்பை வரிசையாகப் பார்த்துக் கொண்டே போகிறார்கள். கட்டியும் பார்வை போகும் திசையில் நகர்ந்தால் நீண்டு தெரியும். எதிரே வந்தால் குறுகித் தெரியும்.

மில்லிமீட்டர் கணக்குதானே என்று நினைக்க வேண்டாம். மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க 2009இல் வெளியான 'ரெசிஸ்ட் 1.1' என்ற விதிமுறைப்படி, கட்டிகளின் மொத்த நீளம் 20 சதவீதம், அதுவும் குறைந்தது 5 மி.மீ., கூடினால் நோய் முற்றியதாக அர்த்தம். 25 மி.மீ. கட்டி ஒன்று 30 ஆனால் போதும். மருந்தை மாற்றி விடுவார்கள். அந்த 5 மி.மீ.யில் மூச்சின் பங்கு எவ்வளவு என்று அளப்பவன் கேட்டே ஆக வேண்டும்.

கதிர்வீச்சுச் சிகிச்சையில் இது இன்னும் கடுமை. அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2006இலேயே, அசைவு 5 மி.மீ.க்கு மேல் போனால் அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும் என்று சொல்லி விட்டது. அதற்கு ஒரு வழி, மூச்சையும் சேர்த்தே அளப்பது. வயிற்றின் மேல் ஒரு சின்னக் கட்டையை வைத்து, அது ஏறி இறங்குவதை அகச்சிவப்புக் கேமராவால் பதிவு செய்வார்கள். பிறகு ஒரு மூச்சைப் பத்துப் பங்காகப் பிரித்து, பங்குக்கு ஒரு படம் தயாரிப்பார்கள். கட்டி எங்கிருந்து எங்கே போகிறது என்று தெரிந்து விடும்.

இன்னொரு வழி, நோயாளியையே மூச்சை அடக்கச் சொல்வது. இடது மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர் கொடுக்கும்போது ஆழமாக மூச்சை இழுத்து இருபது நொடி போல நிறுத்தினால், இதயம் கதிரின் வழியிலிருந்து விலகி நிற்கும். இதயம் வாங்கும் சராசரிக் கதிர் ஒரு கிரே கூடினால், பின்னாளில் மாரடைப்பு போன்ற இதயப் பாதிப்புக்கான வாய்ப்பு 7.4 சதவீதம் கூடுகிறது என்று 2013இல் வந்த ஆய்வு சொல்கிறது. ஆக, அந்த இருபது நொடி சின்ன விஷயம் இல்லை.

இங்கேதான் நம் எல்லைப் பகுதிக்கே உரிய ஒரு சங்கதி. பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலையாகப் போய் கன்ட்ரோல் ரூமில் காத்திருந்தேன். உள்ளே ஊத்தங்கரைப் பக்கத்து அம்மா ஒருவருக்கு ஒத்திகை நடந்து கொண்டிருந்தது. கன்னட டெக்னீஷியன் மைக்கில் "உசிரு பிடி" என்றார். திரையில் கோடு இறங்கவே இல்லை. குரலை உயர்த்தி மறுபடி சொன்னார். அந்த அம்மா இன்னும் இறுக்கிப் பிடித்தார். கன்னடத்தில் 'பிடி' என்றால் விடுங்கள் என்று அர்த்தம். நமக்கு அதற்கு நேர் எதிர். உசிரு அவர்களுக்கு மூச்சு, நமக்கு உயிர். "உயிரைப் பிடி" என்று கேட்டால் யார்தான் விடுவார்கள்? நான் மைக்கை வாங்கி, "மூச்சை விடுங்கம்மா" என்றேன். கோடு சர்ரென்று இறங்கியது. வெளியே வந்ததும், "நீங்கதானே கண்ணு பிடி பிடின்னு சொன்னீங்க" என்றார். ஒத்திகை என்பதால் கெடுதல் எதுவும் இல்லை.

தமிழிலேயே சொன்னாலும் ஜாக்கிரதை வேண்டும். "மூச்சைப் பிடிங்க" என்றதற்கு, "எனக்கு மூச்சுப் பிடிப்பெல்லாம் இல்லப்பா" என்று ஒரு பெரியவர் பதில் சொல்லியிருக்கிறார். "இழுங்க, அப்படியே நிறுத்துங்க, இப்ப விடுங்க" என்பதுதான் என் அனுபவத்தில் குழப்பம் இல்லாத வாசகம். பல ஸ்கேன் இயந்திரங்களில் இந்த வாசகத்தை நமக்கு வேண்டிய மொழியில் பதிவு செய்து வைக்க வசதி இருக்கிறது. கோடிக்கணக்கில் செலவு செய்து வாங்கி விட்டு, ஐந்து நிமிட வேலையான அதைச் செய்யாமல் விடுவது எனக்குப் புரியவே இல்லை. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் நம் மாவட்டத்துக்கு வேண்டும்.

கடைசியாக மாணவர்களுக்கு ஒன்று. இறுதியாண்டுப் புராஜெக்ட் தேடுபவர்கள், மூச்சு விடும் பொம்மை ஒன்று செய்து பார்க்கலாம். 30 மி.மீ. அக்ரிலிக் உருண்டை, சுற்றிலும் நுரையீரலுக்குப் பதில் கார்க், 20 மி.மீ. ஓட்டத்துக்கு ஒரு ஸ்டெப்பர் மோட்டார். உருண்டையின் அளவு நமக்கு முன்பே தெரியும் என்பதால், ஸ்கேன் காட்டும் அளவு எவ்வளவு தவறு என்று நேராகக் கண்டுபிடித்து விடலாம். ஒரு எச்சரிக்கை: சைன் அலையில் ஓட்டி விட்டு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். மனிதன் மூச்சை விட்ட நிலையில்தான் அதிக நேரம் நிற்கிறான். அந்த நிறுத்தத்தையும் புரோகிராமில் எழுதுங்கள். அக்ரிலிக் வெட்டித் தர ஓசூரில் நண்பர்கள் இருக்கிறார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு என்னைப் பாருங்கள்.