அறக்கொட்டியானும் அவசர மருந்தும்



கட்டுக்கரைக் குளத்து நீரை நம்பி முருங்கன், நானாட்டான் பகுதிகளில் பெரும்போகம் செய்யும் உங்களுக்கு, அறக்கொட்டியான் எனப்படும் கபிலநிறத் தத்தி புதிய பகையன்று. அது பயிரின் அடித்தண்டிற் கூட்டமாய் இருந்து சாற்றை உறிஞ்சும். முதலில் வயலின் சில இடங்கள் வட்டமாக மஞ்சளிக்கும். பின்னர் தீப்பட்டதுபோற் கருகும். வட்டங்கள் விரியுமாயின், கடன்பட்டுச் செய்த வெள்ளாமை வீடு வந்து சேராது.

இதற்கு அஞ்சி, பயிர் இளமையாயிருக்கும்போதே மருந்து தெளிப்போர் பலர். அதனால் விளைவது யாது? தத்தியைப் பிடித்துண்ணும் சிலந்தியும், அதன் முட்டையை உறிஞ்சியுண்ணும் சிறு பச்சை மூட்டுப்பூச்சியும் மடிகின்றன. தத்தியின் முட்டைகளோ இலைமடலின் உள்ளே தப்பிவிடுகின்றன. ஏறக்குறைய ஒரு கிழமையில் அவை பொரிக்கும்போது, குஞ்சுகளைத் தடுக்க எதிரி இல்லை. ஆகவே, மருந்து தெளித்த வயலிலேயே தத்தி மீண்டும் பெருகுகின்றது.

இந்தோனேசியா இவ்வுண்மையைப் பெருநட்டத்தின் பின்னரே உணர்ந்தது. 1986ஆம் ஆண்டில் அந்நாட்டரசு 57 வகைப் பூச்சிநாசினிகளை நெல்லுக்குத் தெளிக்கலாகாதெனத் தடுத்தது. கமக்காரருக்கு வயலிலேயே பயிற்சி அளித்தது. மருந்து குறைந்தது, நெல் விளைச்சல் குறையவில்லை.

நாம் செய்யவேண்டியவை இவை:

1. தத்தியைத் தாங்கும் இனத்தைத் தெரிந்து விதைத்தல். பத்தலகொடையில் உருவாக்கப்பட்ட பி.ஜி. 379-2 அத்தகையது.

2. அளவுக்கு மிஞ்சி நெருக்கமாக விதையாதிருத்தல். யூரியாவைச் சிபார்சின்படி பகுதி பகுதியாக இடுதல். மிகையான யூரியா தத்திக்கே விருந்தாகும்.

3. முதல் 40 நாட்களில் இலை தின்னும் புழுவுக்கென மருந்து தெளியாதிருத்தல். அப்பருவப் பயிர் மட்டம் வெடித்துத் தானே தேறும்.

4. கிழமைக்கொருமுறை வயலுள் இறங்கி, பயிரை விலக்கி, அடித்தண்டை நோக்குதல். தத்தி காணின், இயலுமிடத்து நீரை வடித்துச் சில நாட்கள் விடுதல்.

5. தத்தி பெருகிச் சிலந்தி அருகியிருந்தால் மாத்திரம், விவசாயப் போதனாசிரியரைக் கேட்டு, சிபார்சு செய்யப்பட்ட மருந்தை அடித்தண்டிற் படும்படி தெளித்தல்.

மன்னார்த் தீவின் தோட்டக்காரருக்கும் ஒரு சொல். உங்கள் நிலம் மணல், கிணறுகள் ஆழங்குறைந்தவை. தெளித்த நஞ்சு மழைநீரோடு கிணற்றில் இறங்கக்கூடும். கத்தரியில் வாடிய குருத்தையும் துளைபட்ட காயையும் கிழமைதோறும் நறுக்கி எரியுங்கள். துளைப்பான் குறையும், மருந்துச் செலவும் குறையும்.

வயலைப் பாராமல் மருந்துக் கடைக்குச் செல்லாதீர்கள்.