சும்மா கிடக்கிற நிலமா?



சேமிப்பு, கடன் பற்றிக் காலையிலிருந்து பேசியாச்சு. நான் நிலத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசுறேன். மூடிப்போன ஆலை, கைவிட்ட தோட்டம் எதைப் பார்த்தாலும் "சும்மாதானே கிடக்குது, ஜேசிபி விட்டுச் சமப்படுத்தினா காட்டேஜ் கட்டலாம்" என்கிறார்கள். சும்மாவா கிடக்குது?

நம்ம வட்டக்கானலுக்கு வருகிற வழியில் பாம்பார் சோலை இருக்கே, அதுக்கு மேல் மேட்டில்தான் அந்தத் தெர்மாமீட்டர் ஆலை. 1980களில் பாண்ட்ஸ் கம்பெனி ஆரம்பித்தது, பிறகு இந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் பாதரசம் கலந்த கண்ணாடிச் சில்லுகள் மூட்டை மூட்டையாக இருந்தது வெளியே தெரிந்து, ஆலையை மூடினார்கள். 2003இல் சுமார் 290 டன் கழிவு கப்பல் ஏறி அமெரிக்கா போனது. மண்ணில் கலந்தது இங்கேயே நின்றுவிட்டது.

அந்த மண்ணைப் பிடித்து வைத்திருப்பது எது? மரமும் புல்லும் வேரும்தான். சரிவில் அவற்றை ஒரேயடியாக வழித்தெடுத்தால், ஐப்பசி மழைக்கு மண் சோலைக்குள் இறங்கும். பாம்பாற்றுத் தண்ணீர் கும்பக்கரை வழியாக, பெரியகுளம் பக்கத்து நம்ம சொந்தபந்தம் குடிக்கிற ஊருக்குப் போகிறது. பாசிகூடச் சும்மா இல்லை. ஐதராபாத் அணுசக்தித் துறை ஆய்வகத்தார் கொடைக்கானல் மரங்களில் படர்ந்த பாசியையும், நாம் பிரியாணிக்குப் போடுகிற கல்பாசி இனத்தையும் சோதித்து, காற்றில் வந்த பாதரசத்தை அதில் கண்டார்கள். ஏரி மீனிலும் இருந்தது.

சுத்தம் செய்யும்போது ஒரு சிக்கல் வந்தது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் வரை பாதரசம் இருக்கலாம் என்று அனுமதித்தார்கள். இன்னும் குறைக்கணும் என்று ஊர்க்காரர்கள் கேட்டார்கள். அதிகம் தோண்டினால் மரம் போகும், மண் அரிக்கும் என்று பதில் வந்தது. அந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் விஷத்தை விட்டுவைக்க மரத்தைச் சாக்காகச் சொல்வதை நான் ஏற்கவில்லை. துண்டு துண்டாக, மழையில்லாத மாதத்தில், கீழே தடுப்பு கட்டி வேலை செய்யலாமே.

இங்கிலாந்தில் கேன்வி விக் என்று ஓர் இடம். எண்ணெய் ஆலை கட்ட ஆரம்பித்துப் பாதியில் விட்டது. அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட பூச்சி வகை குடியேறி, 2005இல் அரசே அதைப் பாதுகாத்த இடமாக அறிவித்தது.

அவ்வளவு தூரம் எதுக்கு? நம்ம வாட்டில் காட்டைப் பாருங்க. புல்வெளியைத் தின்று வளர்ந்த வெளிநாட்டு மரம்தான், அதில் எனக்குக் கோபமுண்டு. ஆனாலும் அந்த நிழலில் குனிந்து பார்த்தால் சோலைக் கன்றுகள் தானாக முளைத்திருக்கும். பறவை போட்ட விதை. வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளைக்காரர்கள் பல வருஷம் நாற்றங்காலில் பாடுபட்டு வளர்த்த ஜாதிகள் அவை.

அதனால் இரண்டு வேண்டுகோள். விறகுக்குப் போகிறவர்கள் வாட்டிலை வெட்டினாலும், காலடியில் இருக்கிற கன்றை மிதிக்காமல் கயிறு கட்டி அடையாளம் வையுங்க. அடுத்த மாதக் கூட்டத்துக்கு, உங்கள் பக்கத்தில் காலி நிலத்தைச் சமப்படுத்துகிற பேச்சு எங்கே நடக்குது, அங்கே முன்னால் என்ன இருந்தது, தண்ணீர் எந்தப் பக்கம் இறங்குது என்று குழுவுக்கு ஒருவர் எழுதிக்கொண்டு வாங்க. எழுதத் தெரியாதவர்கள் வாயால் சொன்னால் போதும், நான் எழுதிக்கொள்கிறேன்.