முதல் சுற்றில் அடங்கி ஓடுவோம்



மைல் ஓட்டத்தில் நம் இளைஞர்கள் பின்தங்குவது காலில் பலமில்லாமல் அன்று. முதல் சுற்றிலேயே மூச்சைச் செலவழித்துவிட்டு, மூன்றாம் சுற்றில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். முதல் நிரையிலேயே பறந்து பறந்து பால் வெட்டினால் கடைசி மரம்வரை கை தாங்குமா?

மைல் என்பது 440 கெஜத் திடலில் நான்கு சுற்று. 8 நிமிடத்தில் முடிக்க எண்ணும் புதியவர் சுற்றுக்கு 2 நிமிடம் என்று கணக்கு வைக்கட்டும். முதல் சுற்று மிக எளிதாகத் தோன்றும், அதுதான் மயக்கம். 1954 மே 6இல், ஆக்ஸ்போர்டில் 3 நிமிடம் 59.4 விநாடியில் மைலை முடித்த ரோஜர் பானிஸ்டரே முதல் சுற்றில், முன்னே ஓடிய பிராஷரைப் பார்த்து "வேகமாக!" என்று கத்தினார். பிராஷர் அசையவில்லை. நல்லவேளை!

திடலோரம் கடிகாரத்துடன் ஒருவரை நிறுத்தி, சுற்றுக்குச் சுற்று நேரத்தைக் கூவச் சொல்லுவோம். மற்றவர் முந்தினால் முந்தட்டும். மூன்றாம் சுற்றில் மனம் தளரும். அங்கே நடையை விடாமல் பிடிப்போம். மிச்சமுள்ள பலத்தைக் கடைசி 220 கெஜத்தில் கொட்டுவோம்.