பெரும்பாடு: மறந்த சொல்லும் மறைத்த நோயும்



இன்று நாம் ஆராயப்போவது ஒரு நோயையும், அதனைச் சொல்லத் தமிழில் உள்ள சொற்களையும் ஆகும்.

‘அடினோமையோசிஸ்’ என்னும் பெயர் கிரேக்க வேர்களால் ஆனது. ‘அடென்’ சுரப்பியையும் ‘மிஸ்’ தசையையும் குறிக்கும்; ‘ஓசிஸ்’ நிலையை உணர்த்தும் ஈறு. கருப்பையின் உட்சவ்வுத் திசு அதன் தசைச்சுவருக்குள் காணப்படுவதே இந்நோய். கருப்பை பருக்கலாம், மாதந்தோறும் மிகுந்த குருதிப்போக்கும் கடுவலியும் உண்டாகலாம், அதனால் சோகையும் வரலாம். சிலர்க்கு அறிகுறியே தோன்றுவதில்லை. இது புற்றுநோயன்று, நார்த்திசுக் கட்டியின் வேறானது. முன்னர், அகற்றிய கருப்பையை நுண்ணோக்கியில் ஆய்ந்த பின்னரே இதனை உறுதிசெய்தனர். இன்று மீயொலிச் சோதனையும் எம்.ஆர்.ஐ. சோதனையும் பெரிதும் துணைநிற்கின்றன.

எனினும், எந்தச் சோதனைக்கும் முன் நிற்பது நோயுற்றவரின் சொல். நம் வழக்கில் உள்ள சொற்கள் எவை? ‘தீட்டு’, ‘வீட்டுக்குத் தூரம்’, ‘மாதவிலக்கு’. இவை பெண் ஒதுங்கியிருத்தலைச் சொல்கின்றன. அவள் உடலில் நிகழ்வதைச் சொல்லவில்லை. நன்னூலார் தகுதி வழக்கினுள் அடக்கிய இடக்கரடக்கல் அவைக்கு அழகு. மருத்துவர் அறையிலோ அது திரையாகிவிடுகிறது. “மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா?” என்று கேட்டால் “வருகிறது” என்பாள். விடை பொய்யன்று, ஆனால் எத்தனை நாள், எவ்வளவு குருதி, எத்தகைய வலி என்பவை அவ்விடையில் இல்லை.

தமிழில் சொல் இல்லாமலில்லை. மிகுந்த மாதக் குருதிப்போக்கைப் ‘பெரும்பாடு’ என்றும், அக்காலத்து வலியைச் ‘சூதகவலி’ என்றும் நம் மருத்துவ மரபு வழங்கிற்று. பழைய தமிழ் விவிலியமும் பன்னிரண்டு ஆண்டு உதிரப்போக்கால் வருந்திய பெண்ணைப் பெரும்பாடுள்ளவள் என்றே குறிக்கிறது. இயல்பான மாதவிடாய் வேறு, பெரும்பாடு வேறு என்று பிரித்தறிந்த மொழி நம்முடையது. அவ்வேறுபாடு மறைந்ததால், ‘பெண்ணென்றால் பொறுக்கத்தான் வேண்டும்’ என்னும் அறிவுரை மருந்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

மருந்தோ உண்டு. வலிதணிப்பிகள், குருதிப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம், ஹார்மோன் மருந்துகள், கருப்பையினுள் பொருத்தும் ஹார்மோன் சாதனம் ஆகியன பலர்க்குத் துயர் குறைக்கின்றன. கருப்பையை அகற்றுதல் முற்றான தீர்வே. ஆயினும் மகப்பேறு விழைவோர்க்கு அது பொருந்தாது. மாதவிடாய் நின்றபின் துன்பம் பெரும்பாலும் தணியும். எது தக்கது என்பதை மருத்துவரோடு கலந்து முடிவுசெய்தல் வேண்டும்.

ஆதலின் தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். நாள்கணக்கையும், அணையாடை மாற்றும் அளவையும், கட்டியாக வருவதையும், வலியால் பள்ளியோ பணியோ தடைப்படுவதையும் கூசாமல் கூற மகளிர்க்குக் கற்றுக்கொடுங்கள். நோய்க்குப் புதிய கலைச்சொல்லைப் புலவர் பின்னர் ஆக்கட்டும். வலியைச் சொல்லும் பழஞ்சொல் இன்றே வீட்டிற்குத் திரும்பட்டும்.